அனுமதி பெறாத பாட்டுகள்
மலைநாட்டுத் தோட்டங்களிற் பிறந்த இசை குறித்த ஓர் ஆய்வு

1869ஆம் ஆண்டிலே ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ என்னும் நூல் அச்சேறியது. காடு வெட்டுதல், நாற்று நடுதல், பழம் பறித்தல் ஆகிய கோப்பித் தோட்ட வேலைகள் யாவும் அதிலே கும்மி மெட்டிற் சொல்லப்படுகின்றன. தோட்டத்தை நடத்துவோரின் கண்கொண்டு தோட்டத்தைப் பார்க்கும் நூல் அது. தொழிலாளி அதிலே பாடப்படும் பொருளேயன்றிப் பாடுவோன் அல்லன். அவன் எவ்வாறு உழைக்கவேண்டும் என்பதை அது சொல்லும். உழைப்பினால் அவனுக்கு விளைந்தது யாது என்பதைச் சொல்லாது. கோப்பிப் பயிரை அழித்த இலைநோய் இலங்கையிலே கண்டறியப்பட்டதும் அதே 1869இலேயாம். பயிர் செய்யும் முறையைப் பாட்டாக்கிய நூலும், அப்பயிருக்குக் கூற்றுவனாய் வந்த பூஞ்சணமும் ஒரே ஆண்டிற் தோன்றியமை வரலாற்றின் விளையாட்டுகளுள் ஒன்று.

அந்தக் கும்மிக்கு எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. அதனைப் பாடியதற்காக ஒருவரும் தோட்டத்தைவிட்டு விலக்கப்பட்டிருக்கமாட்டார். அதே மலைச்சரிவுகளிலே, அதே கும்மி மெட்டிலும் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் வேறு பாட்டுகளும் பிறந்தன. அவற்றை இயற்றியவர் பெயர் தெரியாது. அவற்றை அச்சிட்டவரும் நெடுங்காலம் இலர். பிற்காலத்திலே அச்சேறியவையும் சில சதத்திற்கு விற்கப்பட்ட மெல்லிய புத்தகங்களாகவே வெளிவந்தன. மலைநாட்டு மக்களின் உண்மை வரலாற்றை அறிய விரும்புவோர்க்கு இவ்விரண்டாம் வகைப் பாட்டுகளே துணையாவன.

பாடுதலுக்கு அனுமதி எதற்கு என்னும் வினா எழலாம். தோட்டம் என்பது அக்காலத்திலே ஒரு தனி இராச்சியம். அதனுள்ளே செல்லும் பாதை தோட்டத்துக்கு உரியது. லயமும் தோட்டத்துக்கு உரியது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள காம்பராவிலே குடியிருந்த குடும்பம், வேலை உள்ளவரையிலேயே அங்கு தங்கும் உரிமை பெற்றது. வெளியார் ஒருவர் துரையின் இசைவின்றி உள்ளே கால் வைப்பாராயின் அத்துமீறிப் புகுந்தவர் என்று வழக்குத் தொடரலாம். தொழிலாளியோ கங்காணியிடம் பட்ட கடனாற் கட்டுண்டவன். அக்கடனை ஒரு துண்டிலே எழுதி, அதனைத் தீர்ப்பவர் அவனை எடுத்துக்கொள்ளலாம் என்று வேறு தோட்டத்துக்கு அனுப்பும் ‘துண்டு’ முறை 1921ஆம் ஆண்டு வரை நிலவிற்று. வேண்டாதவனுக்குப் பத்துச்சீட்டைக் கையிற் கொடுத்துவிட்டால் அவனும் அவன் பெண்டு பிள்ளைகளும் அன்றே நடுத்தெருவில் நிற்பர். இத்தகைய இடத்திலே பத்துப்பேர் கூடி ஒருவர் சொல்வதைக் கேட்பதே குற்றத்தை ஒத்த செயல். சட்டப்புத்தகத்திலே பாட்டைத் தடைசெய்யும் பிரிவு எதுவும் இருக்கவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

இந்நிலையைத் தெளிவாக உணர்தற்குப் பிறநாட்டு நிகழ்ச்சி ஒன்றை ஒப்பிட்டு நோக்குதல் பயன்தரும். சோவியத்து ஆட்சியின்கீழ் உருசிய நாட்டிலே, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், அரசு விரும்பாத இசைத்தட்டுகளை இளைஞர் சிலர் மறைவாகப் பிரதிசெய்து விற்றனர். இசைத்தட்டுக்கு வேண்டிய மூலப்பொருள் கிடையாமையால், வைத்தியசாலைகள் கழித்துவிட்ட எக்ஸ்கதிர்ப் படங்களை வட்டமாக வெட்டி, நடுவிலே நெருப்பாற் துளையிட்டு, அவற்றின்மேல் ஒலித்தடங்களைக் கீறினர். யாரோ ஒரு நோயாளியின் விலா எலும்பின்மீது பாட்டு ஓடிற்று. ‘எலும்பு இசை’ என்றே மக்கள் அதனை அழைத்தனர். லெனின்கிராட்டிலே இத்தொழிலை நடத்தியோர் 1950ஆம் ஆண்டிற் கைதாகிச் சிறைசென்றனர். பின்னர் 1960களிலே ஒலிநாடாப் பெட்டிகள் வீடுகளுக்கு வந்தபோது எலும்பின் வேலை முடிந்தது. புலாத் ஒக்குச்சாவா, விளாதிமிர் விசோத்ஸ்கி போன்றோரின் பாட்டுகள் ஒரு நாடாவிலிருந்து மறு நாடாவுக்கு என வீடு வீடாகப் பரவின. 1980இல் விசோத்ஸ்கி மறைந்தபோது அவருடைய கவிதைத் தொகுதி ஒன்றேனும் அவர் நாட்டில் அச்சாகியிருக்கவில்லை. ஆயினும் அவர் குரலை அறியாதார் அரியர்.

அவர்களுக்குப் பின் வந்தவரே றொக் இசையினர். 1969இல் மொஸ்கோவிலே ‘மசீனா விரேமெனி’ என்னும் குழுவும், 1972இல் லெனின்கிராட்டிலே ‘அக்குவாரியம்’ என்னும் குழுவும் தோன்றின. மேடையேறும் பாட்டின் சொற்களை முன்கூட்டியே அதிகாரிகளிடம் கொடுத்து முத்திரை பெறவேண்டும் என்பது விதி. நல்ல கிற்றார் கடைகளிற் கிடையாது. ஆகவே மரப்பலகையை அறுத்துத் தாமே கிற்றார் செய்து, பொதுத் தொலைபேசிகளிலிருந்து கழற்றிய ஒலிவாங்கிகளை அதிற் பொருத்தினர். வேலையற்றிருப்பதே 1961இன் பின்னர்க் குற்றமாக்கப்பட்டிருந்தமையால், பாடகர் பலர் இரவுக் காவலராகவும் கொதிகலன் காப்போராகவும் வேலை பார்த்தனர். ‘கினோ’ குழுவின் விக்தர் த்சோய் அவ்வாறு நிலக்கரி அள்ளிப் போட்டவரே. 1981இல் லெனின்கிராட்டிலே றொக் கழகம் ஒன்று திறக்க அரசு இசைந்தது. ஒரே கட்டடத்திற் கூடினால் கண்காணித்தல் எளிது என்பதும் அந்த இசைவுக்கு ஒரு காரணம்.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் ஒற்றுமை உண்டு; வேற்றுமையோ அதனினும் பெரிது. உருசிய இளைஞனுக்குத் தடையாய் நின்றது அரசு. மலைநாட்டுத் தொழிலாளிக்கு அரசு தொலைவில் இருந்தது. அவன் கண்ணுக்குத் தெரிந்த அரசு துரையும் கங்காணியுமே. உருசியனிடம் நாடாப் பெட்டி இருந்தது. இங்கோ தொண்டையும் கைகளும் தப்பு என்னும் தோற்பறையுமே இருந்தன.

தப்பைப்பற்றி ஒரு வார்த்தை. தோட்டங்கள் பலவற்றில் விடியுமுன்னர்த் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக்களத்திற் கூட்டுதற்கு அடிக்கப்பட்டது இத்தப்பே. மாசித் திங்களிலே காமன் கூத்துக்கு அடிக்கப்பட்டதும் இதுவே. சாவீட்டிலே பிணத்தின் முன்னே அடிக்கப்பட்டதும் இதுவே. வேலைக்கு அழைக்கும் அடி வேறு, கூத்தின் அடி வேறு, சாவின் அடி வேறு. தோட்டத்திற் பிறந்த குழந்தையும் அவற்றைப் பிரித்தறியும். காலையில் அதிகாரத்தின் குரலாக ஒலித்த கருவி இரவிலே மக்களின் குரலாக மாறியது. காமன் கூத்திலே மன்மதன் எரிந்த பின்னர் இரதி புலம்பும் புலம்பல், கூடியிருக்கும் பெண்கள் ஒவ்வொருவரின் இழப்பையும் தொட்டுச் செல்வதாகும். கடவுளர் கதை என்பதால் அதனைத் தடுப்பார் இலர். அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துகளும் இவ்வாறே மலைநாட்டில் நின்று நிலவின.

ஒப்பாரிக்கு இதனினும் மிகுந்த சுதந்திரம் உண்டு. இறந்தவரை நோக்கி அழுவாள் ஒருத்தியைத் ‘தகாத சொல் சொன்னாய்’ என்று கடிதல் எந்த ஊர் வழக்கிலும் இல்லை. அவள் கணவனை அழைத்து அழும்போதே, அவனைக் கடல் கடத்தி அழைத்து வந்தவனையும், மருந்தின்றி அவன் கிடந்த நாட்களையும், அவன் பேரிற் கணக்குப்புத்தகத்திலே நிற்கும் கடனையும் சேர்த்து அழுதுவிடலாம். பிறந்த ஊரையும் அங்கு விட்டுவந்த தாயையும் தென்னையையும் நினைந்து ஏங்கும் பாட்டுகள் மலைநாட்டு வாய்மொழி இலக்கியத்திலே மிகுதி. கொழுந்து நிறுக்கும்போது நேரும் மோசம், பகலில் வேலையை நிறுத்தி ‘அரைப்பேர்’ போடும் கணக்கப்பிள்ளையின் கொடுமை, கங்காணியின் ஆடம்பரம் ஆகியவை கொழுந்து மலையிலே பாடப்பட்ட பாட்டுகளின் பொருள்கள். அரைப்பேர் என்பது முழுநாள் உழைப்பைப் பாதிநாளாகக் குறித்தலாம். அன்றாடங்காய்ச்சிக்கு அது பாதி அடுப்பு.

துரைமார் தமிழ் அறியாதவரா எனின், அறிந்தவரே. ஆங்கிலேயருக்குத் தோட்டத் தமிழ் கற்பிப்பதற்கென்றே கைந்நூல்கள் எழுந்தன. அவற்றுள் பெர்குசன் வெளியிட்ட நூலின் தலைப்பு ‘இங்கே வா’ என்பது. அந்த இரண்டு சொற்களிலேயே அக்கல்வியின் எல்லை அடங்கிவிடுகிறது. வா, போ, வெட்டு, நிறு, சீக்கிரம் என்னும் ஏவல்களைக் கற்ற காது, மலைச்சரிவின் மேலிருந்து பெண்கள் மாறி மாறிப் பாடும் பாட்டிலே தன் பெயர் மறைந்து வருவதைப் பிடிக்காது. உண்மையில் அஞ்சத்தக்க காது கங்காணியினுடையது. அவன் பாடுவோரின் ஊரான், பெரும்பாலும் உறவினனுமாவான். ஆகவே பாட்டு வெளிப்படையாகப் பேசாது. மாமன் மகனைக் கேலிசெய்வது போலவும், பறவையை விளித்துச் சொல்வது போலவும் சுற்றி வளைத்துச் செல்லும். இம்மறைப்பைக் கவிதை நயம் என்று மட்டும் பாராட்டுவோர் அதற்குக் காரணமான அச்சத்தை மறந்துவிடுகின்றனர்.

இவ்வாய்மொழிப் பாட்டு மேடைப்பாட்டாக மாறிய காலம் கோ. நடேசய்யருடைய காலம். தஞ்சைப் பகுதியிலிருந்து இலங்கைக்கு வந்த நடேசய்யர், தோட்டங்களுள் வெளியார் புகமுடியாதிருந்த நாளிலே, புடவை வியாபாரி போல மூட்டை சுமந்து லயங்களுக்குச் சென்று நிலைமையைக் கண்டறிந்தார் என்பர். ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். தலைநகரத் தொழிலாளர் தலைவரான ஏ. ஈ. குணசிங்காவுடன் சேர்ந்து உழைத்துப் பின்னர்ப் பிரிந்தார். 1931இல் அட்டனிலே அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி 1947 வரை உறுப்பினராயிருந்தார். அவ்வாண்டிலேயே மறைந்தார்.

எழுத்தறியாத கூட்டத்தின் முன்னே மூன்று மணி நேரம் பேசினாலும், பேசியது அடுத்த பிரட்டுக்குள் மறந்துபோம் என்பதை நடேசய்யர் நன்கு அறிந்திருந்தார். அவர் மனைவியார் மீனாட்சி அம்மாள் அதற்கு மாற்றுக் கண்டார். கூட்டங்களிலே அவர் பாடுவார்; பாட்டைக் கேட்டவர் அதனை லயத்துக்குக் கொண்டு செல்வர். துரையின் காவற்காரன் பிரசங்கியை வாயிலில் நிறுத்தலாம். கேட்டவன் தலைக்குள் இருக்கும் மெட்டை நிறுத்துதல் அவனால் இயலாது. மீனாட்சி அம்மாளின் பாட்டுகள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் தலைப்பிலே 1940இல் நூலாயின. அதற்கு முந்திய ஆண்டு அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியரை விலக்கும் நடவடிக்கை தொடங்கியிருந்தது. அதன் சூடு அப்பாட்டுகளிலே தெரிகிறது. மேடையேறிப் பெண் ஒருத்தி அரசியல் பாடுதல் யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலுமே அரிதாயிருந்த நாளிலே, மலைநாட்டுச் சந்தைத் திடல்களிலே அது நிகழ்ந்தது என்பதை இலக்கிய வரலாற்றாசிரியர் போதிய அளவு கவனித்தாரல்லர். நடேசய்யர் தாமும் ‘தொழிலாளர் அந்தரப் பிழைப்பு’ என்னும் நாடகத்தை 1937இல் வெளியிட்டார். அதிலும் பாட்டுகளுக்கே முதலிடம்.

இந்தப் பாட்டுப் புத்தகங்கள் இயங்கிய முறை நுணுகி நோக்கற்பாலது. பாட்டின் தலையிலே ‘இன்ன மெட்டு’ என்று ஒரு வரி இருக்கும். அம்மெட்டு பாரதியார் பாட்டினதாகவோ, நாடக மேடைப் பாட்டினதாகவோ, அக்காலத்துச் சினிமாப் பாட்டினதாகவோ இருக்கும். இசைக்குறியீடு இல்லை, பக்கவாத்தியம் இல்லை, ஒலிப்பதிவு இல்லை. ஆயினும் அந்த ஒரு வரியினாலே அச்சுத்தாள் பாடத் தொடங்கிவிடும். எழுத்தறிந்த ஒருவன் லயத்துக்கு ஒருவன் இருந்தாற் போதும். அவன் ஒருமுறை படித்தால் ஏனையோர் பாடுவர். உருசியன் எக்ஸ்கதிர்ப் படத்தாலே செய்ததை மலைநாட்டான் மெட்டுப் பெயராலே செய்தான் எனலாம். பிறருடைய இராகத்தைக் கடன்வாங்கியது குறையாகக் கூறப்படுவதுண்டு. கடன் வாங்கிய இராகமே அப்பாட்டை ஒரே நாளிற் பரவச் செய்தது என்பதையும், புதிய இராகம் கற்பிக்க ஆசிரியர் வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்த்தால் அக்குறை குறையாகாது.

நடேசய்யர் தம்பதியருக்குப் பின்னர், 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரசு தோன்றித் தோட்டங்களெங்கும் சங்கம் பரவிய காலத்திலே, வி. எஸ். கோவிந்தசாமித் தேவர், எஸ். எஸ். நாதன், பி. ஆர். பெரியசாமி முதலியோர் இவ்வழியிலே பாட்டுப் புத்தகங்கள் வெளியிட்டனர். சம்பள நாளிலே கடைவீதியிலும், புகையிரத நிலையத்திலும், திருவிழாக் கூட்டத்திலும் பாடி விற்பதே வழக்கம். பாடியவரே ஆசிரியர், ஆசிரியரே விற்பனையாளர். 1940 சனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்திலே கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையான காலம் அது. சங்கத்தின் சொல்லும் பாட்டின் சொல்லும் ஒன்றாய் நின்றன.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். இப்புத்தகங்களை ‘தலைமறைவு இலக்கியம்’ என்று அப்படியே சொல்லிவிடுதல் சரியன்று. அவை பகிரங்கமாக அச்சகத்தில் அச்சிடப்பட்டவை; விலை குறிக்கப்பட்டவை. கடைவீதியிலே பாடினால் குற்றமில்லை. அதே பாட்டை அரைமைல் மேலே, தோட்டத்து எல்லைக்கல்லைத் தாண்டிக் கொண்டுபோய்ப் பாடுதலே ஆபத்து. சட்டம் எல்லைக்கல்லுக்கு இப்புறம் ஒன்றாகவும் அப்புறம் ஒன்றாகவும் இருந்தது. சங்கப் பிரதிநிதிகள் தோட்டத்துட் செல்லும் உரிமைக்கென்று தனிச்சட்டம் ஒன்றே 1970இல் இயற்றவேண்டியதாயிற்று என்றால், முப்பதுகளின் நிலைமையைச் சொல்லவேண்டுவதில்லை. பாட்டுகளின் தரமும் ஒன்றன்று. யாப்புத் தளர்ந்தவை பல. சினிமா மெட்டுக்குள் சொல்லைத் திணித்து மூச்சுத்திணற வைத்தவை பல. தலைவர் புகழ்ச்சியே பொருளாகக் கொண்டவையும் உண்டு. கொழுந்து மலையிலே பெயரறியாப் பெண்கள் கட்டிய நான்கடிப் பாட்டின் கூர்மை மேடைப் பாட்டுகளிற் பெரும்பான்மைக்கு வாய்க்கவில்லை. மீனாட்சி அம்மாளின் பாட்டுகளிலே சில இதற்கு விலக்கு.

1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இலே பாதிபாதியாகப் பங்கிடப்பட்டனர். ஒரே லயத்தில் அண்ணன் இந்தியனாகவும் தம்பி இலங்கையனாகவும் ஆன கதைகள் மலைநாட்டிற் பல. பாட்டுக்கு நேர்ந்ததும் அதுவே. தோட்டத்து வாய்ப்பாட்டுகள் தனி ஒருவரின் உடைமையல்ல. ஒருத்தி முதலடி எடுக்க மற்றொருத்தி ஈற்றடி முடிக்கும் கூட்டு உடைமை. முதலடிக்காரி தலைமன்னாரிற் கப்பலேறி நீலகிரிக்குச் சென்று கூடலூரிலோ கோத்தகிரியிலோ மீண்டும் தேயிலையே பறிக்க, ஈற்றடிக்காரி தலவாக்கலையிலோ மஸ்கெலியாவிலோ தங்கிவிட்டாள்.

எஞ்சியவற்றைத் திரட்டியோருள் முதல்வராக மதிக்கத்தக்கவர் சி. வி. வேலுப்பிள்ளை. தோட்டத்திலே பிறந்து வளர்ந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகி, ஆங்கிலத்திலே ‘இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே’ என்னும் கவிதையை எழுதியவர் அவர். லயங்களிற் கேட்ட பாட்டுகளைச் சேகரித்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று தொகுத்தார். அவருக்குப் பின் சாரல் நாடன் வாய்மொழிப் பாட்டையும் பாட்டுப் புத்தகங்களையும் ஆராய்ந்தார். நடேசய்யரின் வாழ்க்கையை ஆவணங்களைக் கொண்டு எழுதியவரும் அவரே. மறைந்துபோயிருக்கக்கூடிய பெயர்கள் பல இன்று தெரியவருவது இவ்விருவரின் உழைப்பினாலேயாம்.

ஆனால் தொகுதியிற் கிடைப்பது சொல் மட்டுமே. லெனின்கிராட்டின் மட்டமான நாடாக்களைக் கேட்பவனுக்கு இருமலும் நாற்காலி நகரும் ஓசையும் சேர்ந்து, பாடியவன் மூச்சு இன்றும் கேட்கும். மீனாட்சி அம்மாளின் குரல் எவ்வாறிருந்தது என்பதை ஏட்டிலே காணமுடியாது. பாட்டின் தலையிலுள்ள மெட்டு வரிக்கும் இதே கதி நேர்ந்துகொண்டிருக்கிறது. எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன் எல்லோரும் அறிந்த நாடகப் பாட்டின் பெயரை அது சுட்டுகிறது. அந்நாடகம் மறைந்து, அப்பாட்டும் மறைந்தபின் அவ்வரி பூட்டு இல்லாத திறப்பு. அம்மெட்டுகளை இளமையிற் கேட்டறிந்தோர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். அட்டன், டிக்கோயா, பொகவந்தலாவைத் தோட்டங்களிலும் நீலகிரியின் குடியிருப்புகளிலும் அவர்களுட் சிலர் இருக்கின்றனர். அச்சுப் புத்தகத்தை அவர்கள் முன்னே வைத்துப் பாடச் சொல்லிப் பதிவுசெய்தற்கு வேண்டிய கருவி இப்போது ஒவ்வொரு மாணவனின் சட்டைப் பையிலும் உண்டு.